ரோஜர் கிளெமென்ஸைப் பற்றி உன் பேரனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பேஸ்பால் பயிற்சிக்குப் போகத் தொடங்கியதையும், அமெரிக்கப் பந்துவீச்சாளர் ரோஜர் கிளெமென்ஸ் நல்லவரா கெட்டவரா என்று கேட்டு உன்னைத் திணறடிப்பதையும் படித்து மகிழ்ந்தேன்.

முதலில் 1986 ஏப்ரல் 29 இரவைச் சொல். தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டுகூட ஆகாத 23 வயது இளைஞர், பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் சியாட்டில் அணிக்கு எதிராக 138 பந்துகள் வீசி 20 ஸ்ட்ரைக் அவுட் (மட்டையாளரை மூன்று ஸ்ட்ரைக்குகளில் வெளியேற்றுவது) எடுத்தார். ஒருவருக்கும் வாக் (நான்கு தவறான பந்துகளால் மட்டையாளருக்குக் கிடைக்கும் இலவச முதல் தளம்) கொடுக்கவில்லை. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கை அது. பத்து ஆண்டுகள் கழித்து டெட்ராய்ட்டில் அதையே மீண்டும் செய்தார், அன்றும் வாக் கிடையாது. அவர் பாஸ்டனை விட்டு நீங்கியபோது 192 வெற்றிகளும் ஆண்டின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதுகள் மூன்றும் கையில் இருந்தன.

சிக்கல் அதற்குப் பின்புதான். பேஸ்பாலில் ஊக்கமருந்துப் பயன்பாட்டை விசாரித்து 2007 டிசம்பரில் வெளியான மிட்செல் அறிக்கையில், 1998 முதல் தாமே கிளெமென்ஸுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டதாக அவருடைய உடற்பயிற்சியாளர் பிரையன் மெக்னமி கூறியிருந்தார். பயன்படுத்திய ஊசிகளையும் பஞ்சையும் ஒரு பியர் டப்பாவில் போட்டு ஆண்டுக்கணக்கில் மெக்னமி பாதுகாத்து வைத்திருந்ததை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது. அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்து மறுத்த கிளெமென்ஸ் மீது பொய்ச்சாட்சி வழக்கு தொடரப்பட்டது. 2012 ஜூனில் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலை ஆனார்.

ஆனால் பேஸ்பால் எழுத்தாளர்கள் அவரை விடுவிக்கவில்லை. சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைய அவர்களின் 75 சதவீத வாக்குகள் வேண்டும், 2013ல் 37.6 சதவீதமும், அவர்களின் வாக்கெடுப்பில் கடைசி வாய்ப்பான 2022ல் 65.2 சதவீதமும்தான் கிடைத்தன. விதியை மீறிப் பந்தில் எச்சில் தடவி வீசியதைத் தாமே ஒப்புக்கொண்ட பந்துவீச்சாளர் கேலார்ட் பெர்ரிக்கு 1991லேயே அங்கே இடம் கொடுத்தவர்கள், மொத்தம் 354 வெற்றிகள் பெற்றவருக்குக் கதவடைத்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. மெக்னமி சொன்னதில் உண்மை இருக்கிறது என்றே நானும் நம்புகிறேன்; அப்படியே வைத்துக்கொண்டாலும், 1996 வரையிலான ஆட்டமே அந்த இடத்துக்குப் போதுமானது.

என்னால் மன்னிக்க முடியாதது வேறு. 2000ஆம் ஆண்டு ஜூலையில் கிளெமென்ஸ் வீசிய பந்து எதிரணி மட்டையாளர் மைக் பியாசாவின் தலையில் பட்டது. அதே அக்டோபரில், சாம்பியன் பட்டத்துக்கான உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில், பியாசாவின் பேட் உடைந்து பறந்து வந்த கூரான துண்டை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த அவர் பக்கமே எறிந்தார். பந்து என்று நினைத்துவிட்டேன் என்று பிறகு சொன்ன விளக்கத்தை நான் ஏற்கவில்லை. 50,000 டாலர் அபராதமும் போதாது.

பேரனிடம் இதையும் மறைக்காமல் சொல். அவன் எந்தக் கையால் வீசுகிறான் என்பதை அடுத்த கடிதத்தில் எழுது.

என்றும் உன்,
பழைய நண்பன்