என் தம்பியைத் தெரிந்த ஒருவராவது அந்த வீட்டில் இருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய பராமரிப்பு நிறுவன நிர்வாகிகளுக்கும், கவுன்சிலில் வயதுவந்தோர் சமூகப் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

வணக்கம். என் தம்பியின் பராமரிப்பைப் பற்றி இந்த வருடம் மட்டும் உங்களுக்கு ஆங்கிலத்தில் ஐந்து மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். உங்கள் கவலையைக் கவனத்தில் எடுத்துள்ளோம் என்று நான்கு முறை பதில் வந்தது. ஐந்தாவதுக்கு அதுவும் இல்லை. அதனால் இதை எல்லோரும் பார்க்கத் தமிழில் எழுதுகிறேன். இங்கிலாந்தில் எங்கள் சனத்துக்குள்ளும் கற்றல் குறைபாடுள்ள ஒரு பிள்ளையோ சகோதரமோ உள்ள குடும்பங்கள் இருக்கின்றன, வெளியில் கதைப்பதில்லை. அவர்களும் வாசிக்கட்டும். ஆங்கிலப் பிரதி உங்கள் இரண்டு அலுவலகத்துக்கும் தனியாக வரும்.

தம்பியின் கோப்பு உங்களிடம் இருக்கிறது, முழுக்கதையும் சொல்லத் தேவையில்லை. அவனுக்கு 36 வயது. கற்றல் குறைபாடு, வலிப்பு. வாய் திறந்து கதைக்க மாட்டான். ஆனால் அவனுக்குச் சொல்லத் தெரியும். பசித்தால் கோப்பையைக் கொண்டுவந்து கையில் தருவான். வெளியே போக வேண்டுமென்றால் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு கதவடியில் நிற்பான். வயிறு நொந்தால் நெற்றியைச் சுவரில் முட்டுவான். ஆறு வருடத்துக்கு முன், உங்கள் ஆட்கள் அவனைப் பராமரிக்கிற அந்த வீட்டுக்கு அவன் போனபோது இதையெல்லாம் நானே இருந்து எழுதிக்கொடுத்தேன். பராமரிப்புத் திட்டத்தின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது.

மூன்று கிழமைக்கு முன், ஒன்பது நாள் அவனுக்கு மலம் போகவில்லை.

அதைக் குறிக்கிற தாளை வைத்தியசாலையில் வைத்து என்னிடம் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பல தடவை பார்த்துவிட்டேன். முதல் இரண்டு நாளும் வெறுமை. மூன்றாம் நாள் "தெரியாது" என்று ஒரு கையெழுத்து. அடுத்த மூன்று நாளும் "இல்லை", "இல்லை", "இல்லை". மூன்றும் மூன்று பேருடைய எழுத்து. ஏழாம் நாள் தினக்குறிப்பில், சுவரில் தலையை முட்டுகிறார், ஆத்திரமாக இருக்கிறார், தனியே விடப்பட்டார் என்று இருக்கிறது. அன்றைக்கே குடும்ப வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்து, அவனை அமைதிப்படுத்த மாத்திரை கேட்டிருக்கிறார்கள். வயிற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்படியான மருந்துகள் பலவற்றுக்கு மலச்சிக்கலைக் கூட்டுகிற குணம் உண்டு. நல்லகாலம், அந்த மாத்திரை வந்து சேரவில்லை. ஒன்பதாம் நாள் நான் போனபோது வாந்தி எடுத்த சட்டையோடு கட்டிலில் கிடந்தான். அம்புலன்ஸைக் கூப்பிட்டது நான். வாந்தி சுவாசப்பைக்குள் போய் நிமோனியாவும் வந்துவிட்டது. இன்னும் வார்டில்தான் இருக்கிறான்.

அந்தத் தாளில் ஏழு பேருடைய கையொப்பம் இருக்கிறது. ஐந்து பேர் ஏஜென்சி தற்காலிகமாக அனுப்பிய ஆட்கள். ஆளுக்கு ஆள் தன் ஷிப்ட்டைப் பார்த்தார், எழுதினார், போனார். ஒன்பது நாளையும் சேர்த்துப் பார்க்க அந்த வீட்டில் யாரும் இருக்கவில்லை. நெற்றியை முட்டினால் வயிற்று நோ என்று தெரிந்த ஒருவர் அதில் ஒரே ஒரு நாள் நின்றிருந்தாலும் போதும்.

நான் கேட்பது அதைத்தான். ஒவ்வொரு ஷிப்ட்டிலும் தம்பியை நன்றாகத் தெரிந்த ஒருவராவது நிற்க வேண்டும்.

இது புதிதாக நடந்த ஒன்று என்றால் ஆறுதலாகக் கதைத்திருப்பேன். 2012 நவம்பரில் இப்ஸ்விச் வைத்தியசாலையில் ரிச்சர்ட் ஹேண்ட்லி என்பவர் மலச்சிக்கல் முற்றியதால் இறந்தார், 33 வயது. அவர் இருந்த பராமரிப்பு இல்லம், தம்பியின் வீட்டைப் போல, தன் பெயரில் உள்ள வாடகை வீட்டில் இருந்தபடி உதவி பெறுகிற சப்போர்ட்டட் லிவிங் என்று மாறிய பிறகு, அவருடைய சாப்பாட்டையும் மலம் போவதையும் முன்னர் கவனித்த மாதிரிக் கவனிக்கவில்லை என்பது 2018இல் நடந்த மரண விசாரணையில் வெளியே வந்தது. நீங்கள் இந்தத் துறையில் இருப்பவர்கள், அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 2022இல் இங்கிலாந்தில் இறந்த, கற்றல் குறைபாடுள்ள பெரியவர்களின் மரணங்களில் 42 சதவீதம் தவிர்த்திருக்கக் கூடியவை என்று, இப்படியான மரணங்களை ஆராய்கிற லீடர் (LeDeR) அறிக்கை சொல்கிறது. அந்தக் கணக்கில் என் தம்பி சேர எவ்வளவு நேரம் மிச்சமிருந்தது என்று வார்டு வைத்தியரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

உங்கள் மேலாளர் தொலைபேசியில், இது அவருடைய சொந்த வீடு, அவருடைய தெரிவுகளை நாங்கள் மதிக்க வேண்டும் என்றார். வீடு அவன் பெயரில் வாடகைக்கு இருப்பது உண்மை. அதற்காகத்தான் அம்மா இந்த ஏற்பாட்டுக்கே சம்மதித்தா. பெரிய இல்லத்தில் நாற்பது பேரில் ஒருவனாக இல்லாமல் தன் கதவு, தன் அறை என்று இருப்பானே என்று. ஆனால் ஒன்பது நாள் வயிற்று நோவோடு கிடப்பதை எந்த மனிதனும் தெரிவு செய்ய மாட்டான். அந்தச் சொல்லைத் தயவுசெய்து இந்த இடத்தில் பாவிக்காதீர்கள். பராமரிப்பு இடங்களைச் சோதிக்கிற பராமரிப்புத் தர ஆணையமும் (CQC) இப்படியான இடங்களில் நேரடிப் பராமரிப்பைத்தான் சோதிக்கும், வீட்டைச் சோதிக்காது. அப்போ, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க எங்களைப் போன்ற குடும்பத்தை விட்டால் வேறு யார்? அந்தக் குடும்பத்தைத்தான் நீங்கள் முறைப்பாட்டுக்காரர் என்று ஒதுக்குகிறீர்கள்.

அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. இரண்டு வருடம் தம்பியோடு நின்ற ஒருவர் அவன் மூச்சு விடுகிற விதத்திலேயே வலிப்பு வரப்போகிறது என்று சொல்லிவிடுவார். போன வருடம் சம்பளம் காணாமல் சூப்பர்மார்க்கெட் வேலைக்குப் போய்விட்டார். இரவில் அங்கேயே படுத்து எழும்புகிற ஷிப்ட்டுக்கு, விழித்திருக்கும் நேரம் தவிர மற்ற நேரத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கவுன்சில் மணிக்கணக்குக்கு விலையை இறுக்குகிறது, நிறுவனம் ஆளை இறுக்குகிறது, ஆள் போய்விடுகிறார். கடைசியில் அந்தத் தாளில் ஏழு கையெழுத்து. இதில் கவுன்சிலும் தன் பங்கை ஒத்துக்கொள்ள வேண்டும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். திரும்பவும் பணிவாகவே கேட்கிறேன். தம்பிக்கென்று நிலையான ஒரு சிறு குழுவை ஒதுக்குங்கள். ஏஜென்சியில் இருந்து யார் வந்தாலும், அவனைத் தெரிந்த ஒருவரோடுதான் நிற்க வேண்டும். அந்தத் தாளை ஒவ்வொரு நாளும் முதல் நாளிலிருந்து சேர்த்துப் பார்க்க ஒரு பொறுப்பாளரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். மூன்று நாள் தாண்டினால் வைத்தியருக்கும் எனக்கும் அறிவியுங்கள். பராமரிப்புச் சட்டப்படி நடக்க வேண்டிய மீளாய்வு பதினெட்டு மாதமாக நடக்கவில்லை. அதற்கு ஒரு திகதி தாருங்கள். 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், அவனுக்காக முடிவெடுக்கும்போது அவனைப் பராமரிப்பவர்களையும் அவன் நலனில் அக்கறை உள்ளவர்களையும் கேட்கச் சொல்கிறது. அதனால் அந்தக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிடுங்கள்.

வருகிற திங்கட்கிழமை அவனை வீட்டுக்கு விடலாம் என்று வார்டில் சொல்லியிருக்கிறார்கள். அன்று அவனுக்குக் கதவைத் திறக்கப்போவது யார், அவருக்குத் தம்பியை எவ்வளவு காலம் தெரியும் என்று வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு எழுதுங்கள். ஏற்கெனவே தெரிந்தவர் யாரும் இல்லையென்றால், இப்போதே ஒருவரை வார்டுக்கு அனுப்புங்கள். காலை பத்து மணியிலிருந்து நான் அங்கே இருப்பேன். அவனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் இருந்து சொல்லித் தருகிறேன்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா