தோற்றவர்களின் பெயரையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா,

வணக்கம். சென்ற திங்கட்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் இரண்டு தனியார் கல்லூரிகளின் காற்பந்தாட்டத்தைப் 'பரம வைரிகளின் மோதல்' என்று எழுதியிருந்தீர்கள். பரிசுத்தொகை கூடியதால் பகையும் முற்றிவிட்டதாம். அந்த அணிகள் சந்திப்பதே இது இரண்டாம் முறை என்று அதே செய்தி சொல்கிறது. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

ஆக்ஸ்ஃபர்டும் கேம்பிரிட்ஜும் 1829இல் படகுப் பந்தயம் தொடங்கியது பணத்துக்காகவா? ஒரே பள்ளியில் படித்த நண்பர்கள் இருவர் ஆளுக்கொரு பல்கலைக்கழகம் போனதால் வந்த போட்டி அது. தோற்ற அணிதான் அடுத்த பந்தயத்துக்குச் சவால் விடும் என்பது அங்கே மரபு. தாங்கள் அறியாததல்ல.

நான் சுங்கை சிப்புட் தோட்டத்தில் பிறந்தவன். 1980 ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற நம் மலேசியக் காற்பந்து அணியின் கோல் காவலர் ஆறுமுகத்தைப் பார்த்துக் கோல் காவலன் ஆனவன். 1983இல் என் கல்லூரிக்கு நான் கோல் காத்தேன்; எதிர்க் கல்லூரிக்கு என் அத்தை மகன் முன்கள ஆட்டக்காரன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் வளர்ந்தோம். தோட்டத் திடலில் அவன் உதைத்த பந்தைப் பிடித்துத்தான் நான் பழகினேன். எந்தப் பக்கம் பாய்வேன் என்பது அவனுக்கு அத்துப்படி. கடைசி நிமிடத்தில் பெனால்டி. மறுபக்கம் அடித்தான். அன்றிரவு அத்தை வீட்டில் ஒரே பாயில் படுத்தோம்; விடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஆண்டு முழுக்க அந்த ஓர் ஆட்டத்துக்காகவே பயிற்சி செய்தேன். பரிசு, ஆளுக்கொரு துவாலை.

அந்தத் திடல் இன்று செம்பனைக் காடு. தோட்டம் கைமாறியபோது திடலைக் காப்பாற்றச் சொல்லி நாங்கள் எழுதிய கடிதத்தைத் தாங்கள் வெளியிடவில்லை. தோட்டங்களுக்கிடையிலான கிண்ணப் போட்டிக்கு நான்கு வரி. இங்கிலாந்து லீக்குக்கு வண்ணப் படத்தோடு அரைப் பக்கம். இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் ஐயா.

இந்தச் செய்தியிலும் வென்ற பதினொருவர் பெயரும் இருக்கிறது. தோற்றவர்கள் வெறும் 'எதிரணியினர்'. அவர்களில் மூவர் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். ஒருவனுடைய தாயார் ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்து, பத்திரிகையை என்னிடம் நீட்டி, மகன் பெயர் எங்கே என்று காட்டச் சொன்னார். நான் என்ன காட்டுவது?

அடுத்த ஆட்டத்துக்காவது இரண்டு அணிகளின் பெயர்ப் பட்டியலையும் போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கோல் காவலன்,
சுங்கை சிப்புட், பேராக்