சாலை டயரே போதும், மகளே

அன்புள்ள கயல்விழிக்கு,

நலம், நலமறிய ஆவல். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் உன் டியூக் 390 பைக்கை ஓட்டப் பதிவு செய்திருப்பதாகவும், அதற்கென ஸ்லிக் டயர் (பள்ளக்கோடுகளே இல்லாத பந்தய டயர்) வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். பந்தயக்காரர்கள் ஸ்லிக் டயருக்கு வார்மர் எனும் மின்சூட்டுப் போர்வையைப் போர்த்தி, 80 டிகிரி அளவுக்குச் சூடேற்றிய பிறகே வண்டியை வெளியே எடுப்பார்கள். அந்த ஏற்பாடுகள் ஏதுமின்றி, ஆறிய ஸ்லிக்கோடு முதல் வளைவில் சாய்வது சாலை டயரோடு சாய்வதைவிட ஆபத்தானது. மேலும், நீ பெங்களூரிலிருந்து அதே வண்டியில்தானே வரப்போகிறாய்?

நெடுஞ்சாலையில் நேராகவே ஓடிய டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். அப்படியிருந்தால் சாய்க்கும்போது ஒரு படியிலிருந்து சட்டென்று இறங்குவதைப் போல வண்டி விழும். ஆகவே கையால் தடவிப் பார், விளிம்பு தட்டுப்பட்டால் டயரை மாற்றிவிடு. பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கங்களையும் படித்துவிடு: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. புதிதாக வாங்கினால், தடத்துக்கு வருமுன் நூறு கிலோமீட்டராவது நிதானமாக ஓட்டி மேற்பரப்பின் வழவழப்பைப் போக்கிவிடு.

எல்லாவற்றிலும் முக்கியமானது காற்று. 3.7 கி.மீ. தடத்தில் 12 வளைவுகள் இருப்பதால், பிரேக்கும் சாய்வும் மாறிமாறி ரப்பரை நெளியவைத்துச் சூடேற்றும். சூடேற ஏற உள்ளழுத்தமும் நாலைந்து பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை கூடும், தரையைத் தொடும் பரப்பு சுருங்கும். எனவே வண்டியில் ஒட்டியுள்ள அளவைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைவாக வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு முறை பிட்டுக்கு (தடத்தோரம் வண்டியை நிறுத்திப் பார்க்கும் இடம்) திரும்பியதும், டயர் ஆறுவதற்குள், உன் சொந்த அளவியால் பார்த்து எழுதி வை. பெட்ரோல் பங்கு மீட்டரை நம்பாதே. காலையில் சரியாக இருந்த அளவு மதிய வெயிலில் சரியாக இராது.

சாலை டயர் முன்னறிவிப்பின்றிக் கைவிடுவது அரிது. சில சுற்றுகள் வேகமாக ஓட்டியதும் பின்சக்கரம் எண்ணெயில் மிதிப்பதைப் போல மெல்ல நழுவத் தொடங்கும். அப்போது கையை உயர்த்திக் காட்டி, வேகத்தைக் குறைத்து உள்ளே வந்துவிடு. டயரை ஓரம் வரை தேய்த்ததைப் படமெடுத்துப் போடும் ஆசையில் இன்னும் ஒரு சுற்று போகாதே. அது எவருக்கும் எதையும் நிரூபிப்பதில்லை.

ஊருக்குக் கிளம்புமுன் காற்றைப் பழைய அளவுக்கு நிரப்பிக்கொள்.

அன்புடன்,
அப்பா