பாசி இல்லை, பஞ்சு

அன்புள்ள பாப்பாவுக்கு,

தனியாகக் கடலில் இறங்காதே. முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை மண்டைக்குள் இதுதான் ஓடும்.

நீ அம்மாவிடம் பேசுவது அடுத்த அறையில் எனக்குக் கேட்கிறது. "அப்பா எங்கே?" என்று கேட்பதில்லை. வேலை இருக்கும், சரி.

நீ மருந்துப் பொருள் தேடி ஆராயும் கடற்பஞ்சைப் பற்றி நானே கொஞ்சம் படித்தேன். ஓட முடியாது, கடிக்க முடியாது. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு தண்ணீரை வடிகட்டித் தின்கிற உயிர், தன்னைத் தின்ன வருவதை விரட்ட உடம்பிலேயே விஷம் வைத்திருக்கிறது. சிலவற்றில் அதையும் உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாதான் செய்து தருகிறதாமே? நீ எப்போதோ சொல்லியிருப்பாய். நான்தான் காதில் வாங்கவில்லை.

அப்புறம் அந்த ஜப்பான் கணக்கு. 600 கிலோ பஞ்சிலிருந்து கிடைத்த, புற்றுநோய் செல்களைக் கொல்லும் ஹாலிகாண்ட்ரின் பி என்ற பொருள் வெறும் 12.5 மில்லிகிராம்! ஏதோ பூஜ்யம் தவறிவிட்டது என்று மூன்று முறை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். அதை 1986இல் அறிவித்தார்கள். 1992இல் கிஷி என்ற வேதியியலாளரின் குழு முழு மூலக்கூறையும் ஆய்வகத்திலேயே கட்டியது. அதில் பாதி இருந்தாலே போதும் என்று தெரிந்து, அப்படிச் செய்த எரிபுலின் என்ற மருந்து மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2010இல். 24 வருஷம்.

நீ இரண்டு வருஷம் பாடுபட்டுப் பிரித்தெடுத்தது யாரோ ஏற்கெனவே கண்டு எழுதிவைத்த பொருள்தான் என்று, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனையில் தெரிந்த அன்று, அழுதுகொண்டே பேசினாய். "அப்போ ரெண்டு வருஷம் வீணா?" என்றேன். நீயும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசாமல் வைத்துவிட்டாய்.

அதோடு நிற்கவில்லை. சித்தப்பா கேட்டபோது, நீ வேறு பாடத்துக்கு மாறப்போகிறாய் என்று சொல்லிவிட்டேன். வெட்கப்பட்டுச் சொன்ன பொய். "கடற்பாசிப் படிப்பை விட்டாச்சா?" என்றான். பாசி இல்லை, பஞ்சு என்று திருத்தினேன். பொய்யைத் திருத்தவில்லை.

1950களில் பெர்க்மன் என்ற வேதியியலாளர் புளோரிடா பஞ்சில் சில வினோதமான நியூக்ளியோசைடுகளை, அதாவது டிஎன்ஏவின் கட்டுமானத் துண்டுகள் போன்றவற்றை, பார்த்து எழுதிவைத்தார். அவற்றைப் பார்த்து வேறு யாரோ செய்த சைட்டரபின் 1969இல் ரத்தப் புற்றுநோய் மருந்தானது. இதெல்லாம் உனக்குப் பாலபாடம், தெரியும். எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. சித்தப்பாவுக்கு நேற்று போன் செய்து இதைத்தான் முதலில் சொன்னேன். அதற்குப் பிறகுதான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

சரியாகச் சாப்பிடு. தனியாக இறங்காதே. அடுத்த முறை கூட யார் இறங்குகிறார்கள் என்று அம்மாவிடமாவது சொல். என்னிடம் சொன்னாலும் சரி.

அப்பா