தண்ணீரும் போகவில்லை, ஸ்பின்னும் ஓடவில்லை: தேவையில்லாமல் போர்டு மாற்றியது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வாஷிங் மெஷினில் டிரெயின் மோட்டார் (தண்ணீர் வெளியேறும் வால்வை இழுத்துத் திறக்கும் சிறு மோட்டார்) பழுதுக்கு, மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டை மாற்றி வாங்கிய 4,350 ரூபாயைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

என் வீட்டில் இருப்பது உங்கள் கம்பெனியின் 7 கிலோ டாப் லோடு வாஷிங் மெஷின். வாரண்டி முடிந்துவிட்டது. ஆகவே எதையும் இலவசமாகச் செய்து தரச் சொல்லி நான் எழுதவில்லை. தேவையே இல்லாத ஒரு பொருளை மாட்டிவிட்டு வாங்கிய பணத்தைத்தான் கேட்கிறேன்.

கோளாறு என்னவென்றால், மெஷின் நன்றாகத் துவைக்கும். தண்ணீர் பிடிக்கும், துணியைப் புரட்டும், எல்லாம் சரி. துவைத்த தண்ணீரை வெளியேற்றிவிட்டு ஸ்பின்னுக்குப் போகவேண்டிய இடத்தில் நின்றுவிடும். அழுக்குத் தண்ணீர் டப்பிலேயே கிடக்கும். கொஞ்ச நேரத்தில் எரர் காட்டிக் கத்த ஆரம்பிக்கும். வெளியே போகும் ஓஸைத் தரையோடு தரையாகப் போட்டாலும் ஒரு சொட்டு வராது. மக்கில் மொண்டு ஊற்றி டப்பைக் காலி செய்து, துணியே இல்லாமல் ஸ்பின் மட்டும் போட்டுப் பார்த்தேன். டப்பின் அடியில் துணியைப் புரட்டும் தட்டு, அதாவது பல்சேட்டர், சுற்றியது, டப் அசையவில்லை. கும்பகோணத்தில் ஐப்பசி அடைமழை நேரம். கையால் பிழிந்த பெட்ஷீட் வீட்டுக்குள் கொடியில் எத்தனை நாள் தொங்கும், என்ன வாடை அடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கஸ்டமர் கேரில் பேசிய பெண்மீது எனக்குக் குறை இல்லை. மூடி சரியாக மூடியிருக்கிறதா, துணி ஒரே பக்கம் சேர்ந்துவிட்டதா, மெஷின் மட்டமாக நிற்கிறதா என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்விகள்தான். மூடி திறந்திருந்தால் ஸ்பின் ஓடாது. ஒரு பக்கம் கனத்தால் டப் ஆடும், மெஷின் தானே நிறுத்திவிடும். இவை எதுவும் இல்லை என்று சொன்னேன். பல்சேட்டர் மட்டும் சுற்றுவதையும் சொன்னேன். அதைக் குறித்துக்கொண்டதாகச் சொன்னார். வந்த டெக்னீஷியனின் போனில் "ஸ்பின் ஆகவில்லை" என்ற ஒரு வரிதான் இருந்தது.

அந்தத் தம்பி மெஷினைச் சாய்த்து அடியில் பார்க்கவில்லை, பின்பக்கத் தகட்டைக் கழற்றவில்லை. பட்டனை அழுத்தினார், காதை வைத்துக் கேட்டார், "போர்டு போயிருச்சு சார். போர் தண்ணி, உப்பு ஜாஸ்தி, அதான்" என்றார். உப்பு டப்பில் படியும், ஃபில்டரில் படியும், வால்வில் படியும். மேலே பேனலுக்குள், ஈரம் படாமல் இருக்கப் பிசின் ஊற்றி மூடி வைத்திருக்கும் போர்டில் அது எப்படிப் போய்ப் படிந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. போர்டு மட்டும் வந்தது.

மாட்டி முடித்ததும் ஓடிபி கேட்டார். ஒரு தடவை முழுசாக ஓடட்டும், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். "அதுக்கு நேரமாகும் சார், அடுத்த கால் வெயிட்டிங். இதை க்ளோஸ் பண்ணாத்தான் அடுத்தது காட்டும்" என்றார். அவருடைய பிழைப்பு அப்படி. ஓடிபி போன மறு நிமிடம் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வந்தது. அன்று மாலையே டப்பில் பழையபடி தண்ணீர் நின்றது. மறுபடி அழைத்தால், பழைய புகார் முடிந்துபோனதாம். புதுப் புகார், புது விசிட் சார்ஜ். அப்படி வந்த இரண்டாவது ஆளும் கரண்ட் அளக்கும் மீட்டரை வெளியே எடுக்கவில்லை. கிளட்ச் (டப்பை மோட்டாரோடு இணைத்துச் சுற்றவைக்கும் பாகம்) போய்விட்டது, 6,000 ரூபாய்க்குக் குறையாது என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

பிறகு எங்கள் தெருப் பக்கம் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்தேன். அவர் செய்ததை விவரமாகவே எழுதுகிறேன், உங்கள் ஆட்களுக்குப் பயன்படும். இந்த வகை மெஷினில் டிரெயின் மோட்டாருக்கு இரண்டு வேலை. அது ஒரு கம்பியை இழுக்கும்போது தண்ணீர் போகும் வால்வு திறக்கிறது. அதே இழுப்பில் கிளட்ச் லீவரும் நகர்ந்து, பிரேக் விட்டு, டப்பும் சேர்ந்து சுற்றத் தயாராகிறது. இழுக்காவிட்டால் தண்ணீரும் போகாது, பல்சேட்டர் மட்டும்தான் சுற்றும். நான் போனில் சொன்னது இதைத்தான். அவர் ஸ்பின்னில் போட்டு, டிரெயின் மோட்டாருக்குப் போகும் வயர்களில் மல்டிமீட்டர் வைத்தார். 230 வோல்ட் பக்கம் வந்தது. கரண்ட் வந்தும் மோட்டார் இழுக்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு அந்த மோட்டாருக்குள் இருக்கும் காயிலை (கம்பிச் சுருளை) அளந்தார், உள்ளே அறுந்திருந்தது. பிறகு லீவரைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு டப்பைச் சுற்றினார். லேசாகச் சுற்றியது. ஆக, கிளட்சிலும் குறை இல்லை. புது டிரெயின் மோட்டார் 850 ரூபாய், கூலி 300. அன்றிலிருந்து மெஷின் ஒழுங்காகப் பிழிகிறது.

போர்டும் சில சமயம் கெட்டுப்போகும், மறுக்கவில்லை. டிரெயின் மோட்டாருக்குக் கரண்டே வராமல் இருந்திருந்தால் போர்டைச் சந்தேகப்படுவது நியாயம். அதை அளந்து பார்க்காமல், இருப்பதிலேயே விலை கூடிய பொருளிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வருவது குருட்டாம்போக்கு. அந்தக் குருட்டாம்போக்குக்கு ஜி.எஸ்.டி.யோடு பில் வேறு. மெஷின் முகப்பில் "மோட்டாருக்கு 10 வருட வாரண்டி" என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள். டிரெயின் மோட்டாரும் மோட்டார்தானே என்று விசாரித்தேன். அது அந்த மோட்டார் இல்லையாம்.

இதையெல்லாம் மெயிலில் எழுதியதற்கு, "ஒருமுறை பொருத்திய பாகத்தைத் திரும்பப் பெற இயலாது" என்று பதில் அனுப்பினீர்கள். பாகத்தைத் திரும்ப எடுப்பதில் உங்களுக்கு என்ன சிரமம் என்று புரியவில்லை. என் பழைய போர்டை எடுத்துப்போனபோது அப்படி எந்தச் சிரமமும் தெரியவில்லையே. எக்ஸ்சேஞ்ச் என்று பில்லில் ஒரு வார்த்தை இல்லை, என்னிடம் கேட்கவும் இல்லை. அந்தப் பழைய போர்டு என் காசில் வாங்கிய பொருள். அதைக் கொண்டுவந்து மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு, உங்கள் போர்டை எடுத்துச் செல்லுங்கள். போர்டுக்கு வாங்கிய 4,350 ரூபாயும், இரண்டாவது விசிட்டுக்கு வாங்கிய 450 ரூபாயும் என் கணக்குக்கு வரவேண்டும். தீர்க்கப்பட்டது என்று மூடிய புகாரைத் திறந்து, உண்மையில் நடந்ததைப் பதிவு செய்யவேண்டும். அந்தத் தம்பியின் சம்பளத்தில் இந்தப் பணத்தைப் பிடிப்பதாக இருந்தால் எனக்கு வேண்டாம். மீட்டர் வைத்துப் பார்க்க நேரம் தராமல் அடுத்த காலுக்கு விரட்டுவது நீங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், இந்த அளவு தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

உங்கள் பில், எஸ்.எம்.எஸ்.ஸின் ஸ்கிரீன்ஷாட், மெக்கானிக் கொடுத்த ரசீது, மீட்டரில் வோல்டேஜ் தெரியும் வீடியோ ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். அறுந்த டிரெயின் மோட்டார் என்னிடம் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள், விசிட் சார்ஜ் இல்லாமல்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கும்பகோணம்.