ஒரு குழாய், ஒரு பிளக், ஒரு மூடி: கடற்கரையை ஆளும் அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் சுற்றுலா வண்டிகள் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம். ஒரு அலுவலகத்தின் பெயர் போட்டு இந்த மடலை எழுத முடியவில்லை. கேட்ட இடத்தில் எல்லாம் "அது எங்க லிமிட்ல வராதும்மா" என்றுதான் பதில் வந்தது. யாருடைய லிமிட்டில் வருகிறதோ அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

நான் கேட்பது சின்ன விஷயம். தேவிபட்டினத்திலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் உள்ள கரையில் ஏதாவது ஓரிடத்தில், கட்டில், அடுப்பு, கழிவறையோடு வரும் கேரவன் வண்டிகள் இரவு நிற்க ஒரு இடம் வேண்டும். அங்கே தண்ணீர் பிடிக்க ஒரு குழாய், பேட்டரி ஏற்ற ஒரு பிளக், கழிவறைத் தொட்டியைக் காலி செய்ய மூடி போட்ட ஒரு குழி. இலவசமாகக் கேட்கவில்லை. ரசீது போட்டுக் காசு வாங்கிக்கொள்ளுங்கள்.

2023-ல் வெளிவந்த தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கையில் கேரவன் சுற்றுலாவும் முன்னுரிமைப் பட்டியலில் இருப்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் கேரளம் 2021-லேயே இதற்கென்று தனிக் கொள்கை அறிவித்து, வண்டி நிற்கப் பூங்காக்களும் அமைய வேண்டும் என்று அதிலேயே எழுதி வைத்தது. அந்தக் கதையெல்லாம் படித்துவிட்டு நாங்கள் கிளம்பவில்லை. அரையாண்டு லீவுக்கு மதுரையில் டிரைவரோடு ஒரு கேரவனை வாடகைக்குப் பிடித்தது என் மாமியாருக்காக. அத்தைக்குச் சர்க்கரை, பிரஷர், இரண்டு முட்டியும் தேய்மானம். நீர் மாத்திரை போடுகிறவர். போகிற வழியில் கழிவறை தேடியே ஒவ்வொரு பயணமும் பாழாகும், தேடிக் கண்டுபிடித்தால் பூட்டியிருக்கும். கூடவே வரும் கழிவறை என்றதும் அத்தை முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்துத்தான் வாடகையைப் பற்றி யோசிக்காமல் முன்பணம் கட்டினோம்.

முதல் வரவேற்பு வண்டிக் கட்டணம் வசூலிக்கும் இடத்தில். பலகையில் கார், வேன், பேருந்து என்று இருந்தது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்த தம்பி, "உள்ள கட்டில் இருக்கா? அடுப்பு இருக்கா?" என்று விசாரித்து, யாருக்கோ போன் போட்டுக் கேட்டு, பஸ் ரேட் என்று ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். டிரைவரோடு சேர்த்து ஆறு பேர் போகிற வண்டிக்கு. சரி, கட்டினோம். பஸ் காசு வாங்கியவர்கள் பஸ் நிற்கும் இடத்தில் இரவு நிற்க விடுவார்கள் என்று நினைத்தோம். "ஆளை இறக்கிட்டுக் கிளம்புங்க, உள்ள படுக்கக் கூடாது" என்றார்கள். அரியமான் கரையிலும் அதே பதில்தான், இன்னும் கொஞ்சம் அதட்டலாக. கடலோரப் பாதுகாப்பு என்கிறீர்கள். இலங்கைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் கரையில் அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் இங்கே நிற்காதே என்று சொல்லும் வாய், எங்கே நிற்கலாம் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? கடைசியில் ஒரு பெட்ரோல் பங்க்காரர் புண்ணியத்தில், லாரிகளுக்கு நடுவே, விளக்கு வெளிச்சத்தில் தூங்கினோம். மார்கழி வாடை அடித்ததால் ஏசி தேவைப்படவில்லை. பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

தண்ணீர்ப் பாடு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடங்கள் வரிசையில் இருக்கும் தெருக்குழாயில் போய், எங்கள் வண்டித் தொட்டிக்கு ஹோஸ் மாட்ட மனசு வரவில்லை. கேன் தண்ணீரை வாங்கி வாங்கி ஊற்றினோம். அதை விடுங்கள்.

விட முடியாதது கழிவுத் தொட்டி. இந்த வண்டிகளில் கழிவறைக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கும். நாற்றம் வராமல் இருக்க நீல நிற மருந்து ஊற்றுவார்கள். நிறைந்தால் சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். இராமேசுவரம் தீவுக்குள் வந்ததும் எங்கள் விளக்கு எரிந்தது. லாட்ஜ்களில் காசு தருகிறோம் என்று கேட்டோம். யாரும் சம்மதிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த மருந்து அளவுக்கு மீறிப் போனால் செப்டிக் டேங்கில் கழிவை மக்கச் செய்யும் கிருமிகளே செத்துவிடும். பிறகு ஒரு செப்டிக் டேங்க் லாரியைப் பிடித்தோம். டிரைவர் உறிஞ்சிக்கொள்ளத் தயார். "எங்கண்ணே கொண்டுபோய்க் கொட்டுவீங்க?" என்று என் கணவர் கேட்டார். "கொட்டுற இடத்தைக் கேக்காதீங்க சார்" என்றார். அதற்குமேல் பேரம் பேசவில்லை. இன்னொருவர் எங்கள் மேல் பரிதாபப்பட்டு வழியே சொன்னார்: ராத்திரி ஆனதும் உடைமரக் காட்டுப் பக்கம் வண்டியை விட்டு வால்வைத் திறந்துவிட்டால் போச்சு, எல்லாரும் அப்படித்தானே.

ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, 21 தீவுகளோடு 1986-லிருந்து தேசியப் பூங்கா. இந்தப் பக்கம் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கு 2025-ல் சரணாலயமே அறிவித்திருக்கிறீர்கள். அந்த மண்ணில் வால்வைத் திறக்கச் சொல்கிறார்கள். நாங்கள் திறக்கவில்லை.

அதன் விலையைக் கொடுத்தவர் அத்தை. மறுநாள் காலையில் காபியை நீட்டினால், "வேணாம்மா, அந்தச் சிவப்பு லைட்டு எரியுதே" என்றார். தண்ணீர் பாட்டிலை மூடியே வைத்திருந்தார். மத்தியானம் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நீர் மாத்திரையையும் போடாமல் ஒளித்து வைத்திருக்கிறார். கால் வீங்கிக் கொலுசு தடம் பதிந்திருந்தது. கழிவறைக்காகவே வாடகைக்கு எடுத்த வண்டியில் உட்கார்ந்துகொண்டு, கழிவறை நிறைந்துவிடுமே என்று ஒரு வயசான மனுஷி தாகத்தை அடக்கிக்கொண்டு வந்தார். திருப்புல்லாணி, சேதுக்கரை பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருஷ ஆசை. இரண்டையும் விட்டுவிட்டு, கழிவறைக் கதவைப் பூட்டி, நிறைந்த தொட்டியோடு மதுரைக்குத் திரும்பினோம்.

எங்களுக்காவது வண்டியில் கதவு இருந்தது. மார்கழி, தையில் உங்கள் ஊருக்கு வரும் ஐயப்பமார் வேன்களையும் பஸ்களையும் பாருங்கள். சிலிண்டர், அண்டா, அரிசி மூட்டை சகிதம் ரோட்டோரத்தில் சமைத்து, வண்டியிலேயே படுத்து எழுந்து போகிறார்கள். வண்டியில் குடித்தனம் நடத்துவது ஏதோ பணக்காரர்களின் புதுப் பொழுதுபோக்கு என்று கோப்பில் எழுதிவிடாதீர்கள். தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் எவ்வளவு கூட்டம் என்று எண்ணிச் சொல்ல உங்களிடம் ஆள் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் பெண்கள், அவர்கள் காலையிலிருந்து எங்கே ஒதுங்கினார்கள் என்று யாராவது எண்ணியதுண்டா? பாம்பனில் கப்பல் போக வேண்டும் என்றால் புது ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டையே மேலே தூக்குகிறார்கள், 2025-ல் திறப்பு விழா நடந்தது, கைதட்டினோம். கழிவுக் குழியின் மேல் ஒரு இரும்பு மூடியைத் தூக்குவதற்கு எத்தனை துறைகளின் ஒப்புதல் வேண்டுமோ தெரியவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான். நிற்க ஒரு இடம், ஒரு குழாய், ஒரு பிளக், ஒரு மூடி. பஸ் ரேட் வாங்குகிற இடத்திலேயே ஒரு மூலையை ஒதுக்கினாலும் போதும். குழியில் சேர்வதை முறையாகச் சுத்திகரிக்கும் இடத்துக்கு லாரியில் அனுப்பி, அந்தச் செலவையும் எங்கள் ரசீதிலேயே சேர்த்துவிடுங்கள். இடம் தயாரானதும் நுழைவிலேயே ஒரு பலகை வைத்தால், டிரைவர்கள் ஊர் ஊராகக் கேட்டு அலைய வேண்டாம். அடுத்த அரையாண்டு லீவுக்குள் இதைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அத்தை இன்னும் சேதுக்கரை பார்க்கவில்லை.

இப்படிக்கு,
பஸ் கட்டணம் செலுத்திய ஒரு குடும்பத்தின் சார்பில்,
மதுரையிலிருந்து.