ஸ்பேனரை நீ எடுக்காதே

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்தது. ஓய்வு பெற்ற கையோடு ஒரு வருடம் ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவிக்குத் தொண்டுப் பணிக்குப் போகிறாய், அதுவும் கிராமத்துக் குடிநீர் வேலைக்கு என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. தங்கச்சி சம்மதித்ததில் இன்னும் சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறோம். நீ கிளம்புவதற்குள் பத்திரிகை வந்து சேரும்.

அந்த ஊரைப் பற்றிக் கேட்டிருந்தாய். தெரிந்ததையெல்லாம் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்.

முதலில் பம்பு. குடிநீர் வாரியத்தில் நீ காலமெல்லாம் பார்த்தது இந்தியா மார்க் டூ கைப்பம்பு. மலாவியில் பெரும்பாலும் இருப்பது ஆஃப்ரிடெவ். 1980களில் மலாவியிலும் கென்யாவிலும் வைத்து உருவாக்கிய பம்பு அது. மலாவியில் அதற்கு முன்பிருந்த மால்டெவ் பம்பிலிருந்து வளர்ந்தது. நம்ம கோயம்புத்தூரில் 1983இல் தொடங்கி மார்க் டூவைச் சோதித்து மார்க் த்ரீயைக் கொண்டுவந்தார்களே, ஏறக்குறைய அதே காலம், அதே நோக்கம். லாரியும் நகரத்து ஆட்களும் வராமல் கிராமத்து ஆளே பழுது பார்க்க வேண்டும் என்பதுதான் அது. மார்க் டூவில் ஒரு வாஷர் மாற்றவும் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், முழுவதையும் முக்காலி போட்டு மேலே இழுக்க வேண்டும். ஆஃப்ரிடெவில் பைப் அசையாது. பி.வி.சி. பைப் உள்ளேயே நிற்க, தண்ணீரைத் தூக்கும் பிளஞ்சரும், தண்ணீர் கீழே இறங்காமல் அடியில் தடுக்கும் ஃபுட் வால்வும் அதன் வழியாகவே மேலே வந்துவிடும். புளிப்புத் தன்மையுள்ள நிலத்தடி நீரில் ஜி.ஐ. பைப் அரித்துத் தண்ணீர் செங்காவியாக வரும் தொல்லையும் இதில் கிடையாது. ஆனால் 45 மீட்டருக்கு மேல் ஆழமென்றால் இது ஒத்துவராது.

கழற்றும் முறையைத் தெரிந்துகொண்டு போ. தலை மூடியைத் திறந்து, கைப்பிடியைத் தாங்கும் இரண்டு இடத்து நட்டுகளைத் தளர்த்திக் கைப்பிடியை எடுத்துவிட வேண்டும். பிளஞ்சரைத் தூக்கும் கம்பிகள் கொக்கியும் கண்ணுமாக மாட்டியிருக்கும், திருகு கிடையாது. ஒவ்வொரு கம்பியாக மேலே தூக்கி, கீழே உள்ளதைத் தாங்கியில் நிறுத்திவிட்டுக் கொக்கியைக் கையால் கழற்றலாம். கடைசிக் கம்பியில் பிளஞ்சர் வரும். அதில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், யூ-சீல்தான் நம்ம மார்க் டூவின் பக்கெட் வாஷர் வேலையைச் செய்வது. பிறகு அதே கம்பிகளின் நுனியில் மீன்பிடிக் கொக்கி போன்ற ஒரு கருவியை மாட்டி இறக்கினால் ஃபுட் வால்வைக் கவ்விக்கொண்டு வரும். அதன் ஓ-ரிங்கையும் உள்ளே வால்வை மூடித் திறக்கும் ரப்பர் பாபினையும் பார். ஒரு ஸ்பேனரும் அந்தக் கருவியும் இருந்தால் பழகிய கைகள் காலை வேளையிலேயே வேலையை முடித்துவிடும்.

என்ன கெட்டிருக்கிறது என்பதைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். தண்ணீர் வரும்வரை அடித்துவிட்டு அரை மணி நேரம் யாரும் தொடாமல் விடு. மறுபடி அடிக்கும்போது ஐந்து அடிக்குள் தண்ணீர் வந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் ஃபுட் வால்வோ பைப் இணைப்போ கசிகிறது. உடனே வந்தும் அளவு குறைவாக இருந்தால் யூ-சீல் தேய்ந்திருக்கும். கைப்பிடி பக்கவாட்டில் ஆடினால் அதன் அச்சைத் தாங்கும் புஷ் போய்விட்டது. இந்த ஆட்டத்தைத்தான் எல்லாரும் அலட்சியம் செய்கிறார்கள், தண்ணீர்தான் வருகிறதே என்று. சின்னப் பிளாஸ்டிக் புஷ் தேயத் தேய அச்சு நேராக இரும்பில் உராய்ந்து, கடைசியில் தலையையே மாற்ற வேண்டிய செலவாகிவிடும். புஷ்ஷையும் சீலையும் வருடத்துக்கு ஒருமுறை, கெடாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

சீல் சில மாதத்திலேயே திரும்பத் திரும்பப் போகிறது என்றால் பம்பைக் குறை சொல்லாதே. வெள்ளை வாளியில் தண்ணீர் பிடித்துச் சற்று நேரம் வை. அடியில் மணல் தங்கினால் போர் போட்டபோதே வடிகட்டிக் குழாயோ சுற்றிக் கொட்டும் ஜல்லியோ சரியில்லை என்று பொருள். எத்தனை சீல் வாங்கினாலும் அது தீராது. இன்னொன்று, பைப் ஒட்டும் இடம். இரண்டு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, இரண்டிலும் பசை பூசி, ஒரே அழுத்தாகச் செருகிப் பிடித்திருந்து, இறுகிய பின்தான் இறக்க வேண்டும். வெயில் ஏறுகிறது என்று அவசரப்பட்டு ஈரத்தோடு இறக்கினால் இணைப்பு விட்டுப் பைப் வரிசை முழுவதும் போருக்குள் விழும். அதை எடுப்பது பெரும்பாடு. பசை டப்பா வெயிலில் கட்டியாகிவிடும் என்பதால் வாங்கும்போதே ஆட்டிப் பார்த்து வாங்கச் சொல். இங்கிருந்து கொண்டுபோக நினைக்காதே, தீப்பற்றும் பொருள், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

இவ்வளவும் எழுதியது நீயே பழுது பார்ப்பதற்காக அல்ல, செல்வராஜ். ஸ்பேனரை நீ எடுக்காதே. அங்கே வட்டாரத்துக்கு ஒரு மெக்கானிக் இருப்பார், பயிற்சி பெற்றவர், சைக்கிளில் வருவார். ஒவ்வொரு பழுதுக்கும் கிராமத்துக் குடிநீர்க் குழு அவருக்குக் கூலி தர வேண்டும். அந்தக் கூலிதான் அவரைத் தொழிலில் வைத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல மனுஷன் ஒருவர் இலவசமாகச் செய்துகொடுக்க ஆரம்பித்தால் ஊரார் அவருக்காகக் காத்திருப்பார்கள், குழுவில் பணம் சேராது, மெக்கானிக் வேறு பிழைப்புக்குப் போய்விடுவார். நீ திரும்பி வந்த அடுத்த வருடம் அந்தப் பம்புகள் நிற்கும். தொண்டர்கள் போய்வந்த எத்தனையோ ஊர்களில் நடப்பது இதுதான். கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. வேலை தெரிந்தவனுக்குக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். உனக்கும் இருக்காது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

பம்பு நின்றால் என்னாகும் என்பதையும் சொல்ல வேண்டும். பெண்கள் மூடாத கிணற்றுக்கும் ஓடைக்கும் போவார்கள். 2022 மார்ச்சில் தொடங்கிய காலரா அந்த நாட்டின் வரலாற்றிலேயே பெரியது, 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். பம்பு மேடையின் விரிசல், தேங்கும் கழிவுநீர், பக்கத்தில் கட்டும் பன்றி எல்லாமே உயிர் விஷயம். மேடையையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்வது குழுவின் வேலை. வாய்க்கால் நீரைக் கீரைப் பாத்திக்கோ வாழைக்கோ திருப்பிவிட்டால் அதை யாராவது விடாமல் சுத்தமாக வைத்திருப்பார்கள்.

நீ செய்ய வேண்டிய வேலை பணமும் உதிரிப் பாகமும் புரளும் வழியைச் சீராக்குவது. வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வசூலிப்பதாகத் தீர்மானம் இருக்கும். ஆனால் கிராமத்தில் காசு புழங்குவது அறுவடைக்குப் பின், ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையில்தான். ஜனவரி முதல் மார்ச் வரை பசிக்காலம், போன வருடத்து மக்காச்சோளம் தீர்ந்திருக்கும், புதுசு விளைந்திருக்காது. அப்போது சந்தா கேட்டுப் போவது கொடுமை. மே மாதம் வீட்டுக்கு ஒரு வாளி மக்காச்சோளமாக வாங்கி, விலை ஏறும்போது விற்கலாம். பணமாகச் சேர்ந்தால் ரொக்கமாக வைத்திருக்க விடாதே. 2023 நவம்பரில் டாலருக்கு 1,180ஆக இருந்த அந்த ஊர்ப் பணம் குவாச்சா ஒரே நாளில் 1,700 ஆனது. பெட்டியில் பூட்டியிருந்த பம்புப் பணம் அப்படியே சுருங்கிவிடும். அறுவடை முடிந்ததும் யூ-சீல், ஓ-ரிங், பாபின், ஒரு ஜோடி புஷ் என்று பாகமாகவே வாங்கி வைக்கட்டும். மிச்சத்தைப் பெண்கள் நடத்தும் பாங்கி ம்கொண்டே என்ற திண்ணைச் சீட்டில் வட்டிக்கு விடலாம். பணப்பொறுப்பு பெண்களிடம் இருந்தால் நல்லது, பம்பு நின்றால் வாளியைத் தூக்கிக்கொண்டு தூரம் நடப்பது அவர்கள்தான்.

சீல் கையளவுகூட இல்லை, ஒரு பை நிறையக் கொண்டுபோகலாமே என்று தோன்றும். வேண்டாம். கிராமத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் சின்னக் கடையில் அது விற்க வேண்டும். ஓசியில் ஒரு பை வந்திறங்கினால் கடைக்காரர் அடுத்த தடவை சரக்கு எடுக்க மாட்டார். எந்தெந்தக் குழுவுக்கு வருடத்துக்கு எத்தனை சீல் தேவை என்று கணக்கெடுத்து அந்தக் கடைக்காரரிடம் கொடுத்தால் அதுதான் பெரிய உதவி.

போகும் மாதத்தைக் கவனித்து முடிவு செய். நவம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொள்ளும், எல்லாரும் வயலில் இருப்பார்கள், கூட்டம் கூடாது, மண் சாலையில் வண்டி போகாது. ஏப்ரல் கடைசியில் போய் இறங்கினால் மூன்று நான்கு மாதம் நன்றாக வேலை நடக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை வறட்சி உச்சம், நிலத்தடி நீர் இறங்கியிருக்கும், வாளி வரிசை நீளும், பழுதுகள் அப்போதுதான் குவியும். ஊரில் சாவு விழுந்தால் அன்றைய வேலை எதுவும் கிடையாது, நீயும் போய் உட்கார வேண்டும். கூட்டம் தள்ளிப்போனதே என்று முகத்தைச் சுளிக்காதே. துக்கத்துக்கு வந்தவன் என்ற பெயர் உனக்குப் பல கூட்டங்களுக்குச் சமம்.

எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஊர்த் தலைவரை, ம்ஃபுமுவை, பார்க்க வேண்டும். அது பெண்ணாகவும் இருக்கலாம். 'முலி ப்வாஞ்சி' என்று நலம் விசாரித்து, பதில் கேட்டு, பிறகுதான் காரியம். பொருளை வலது கையால் கொடு, இடது கை வலது முன்கையைத் தாங்கட்டும். உன்னை அம்வென்யே, அதாவது இந்தியர், என்பார்கள். அங்கே இந்தியர் என்றால் நகரத்துக் கடை முதலாளி என்றே நினைப்பு. அதனால் கடன் கேட்பார்கள், பள்ளிக் கட்டணம் கேட்பார்கள், மனசைப் பிசையும். தனி ஆளுக்குப் பணம் தருவதில்லை என்று முதல் வாரமே தலைவர் முன்னிலையில் சொல்லிவிட்டால் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு மறுத்தால்தான் வருத்தம் வளரும்.

மலேரியாவை விளையாட்டாக எண்ணாதே, அங்கே இருப்பது ஃபால்சிபாரம் என்ற உயிருக்கே ஆபத்தான வகை. தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கு. டாக்சிசைக்ளின் என்றால் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும், பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கொசுவலை தினமும். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே விரல் குத்தி ரத்தச் சோதனை. மலாவி ஏரியில் குளிக்க ஆசை வரும். நத்தையிலிருந்து வரும் பில்ஹார்சியா புழு தோல் வழியாக ஏறும், கரையோர நாணல் பக்கம் இறங்கவே இறங்காதே. அடிஸ் அபாபா வழியாகப் போவதென்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பத்து நாள் முன்பே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள். திரும்பும்போது நம்ம விமான நிலையத்தில் ஊசி போட்ட அட்டை கேட்டால் காட்டிவிட்டு வரலாம்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. ந்சிமா என்ற மக்காச்சோள மாவுக் களிதான் பெரும்பாலும். ஆனால் துவரை அங்கே நன்றாக விளைகிறது, இந்தியாவுக்கே அனுப்புகிறார்கள். வெண்டை, முருங்கைக்கீரை, நெத்திலி மாதிரி உசிபா கருவாடு, ஏரிப்பக்கம் புளிகூட உண்டு. பெருங்காயமும் கடுகும் எடுத்துக்கொள், போதும்.

மூன்றாவது நான்காவது மாதம் மனசு தளரும், அதற்குத் தயாராக இரு. ஆரம்பத்தில் பாட்டும் கைதட்டலுமாக வரவேற்பார்கள். பிறகு கூட்டத்துக்கு ஆள் வராது, ஒரு குழுவின் கணக்கு உதைக்கும், உன் நிறுவனம் எத்தனை பம்பு சரிசெய்தாய் என்று எண்ணிக்கை கேட்கும். நீ செய்யும் வேலையை எண்ணிக்கையில் காட்ட முடியாது. ஒருநாள் ஏதோ ஓர் ஊரில் போன மாதமே பம்பு நின்றதும், குழு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கூலி கொடுத்துச் சரிசெய்ததும் பேச்சுவாக்கில் உன் காதில் விழும். உனக்குச் சொல்லவே இல்லையே என்று தோன்றும். அந்தப் பணியில் அதைவிட நல்ல செய்தி கிடையாது.

கையெழுத்துப் போடும் முன் நிறுவனத்திடம் மூன்று விஷயம் எழுத்தில் கேள். உன்னோடு வேலை செய்யப்போகும் உள்ளூர் ஆள் யார், அவருக்குச் சம்பளம் உண்டா? மாவட்ட நீர்வள அலுவலகத்துக்கு உன் வேலை தெரியுமா? தங்கும் அனுமதியை அவர்கள் வாங்கித் தருவார்களா? சுற்றுலா விசாவில் மட்டும் போகாதே. மூன்றுக்கும் என்ன பதில் வருகிறது என்று எனக்கு எழுது. மாவட்டம் எது என்று தெரிந்தால் அந்தப் பக்கத்து மண்ணையும் தண்ணீரையும் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ராமசாமி